செவ்வாய்க்கிழமை வேலைக்கு வராத கண்ணாடி

நல்லிக்கோட்டை மேலரதவீதியில் கோமதிநாயகம் வைத்திருந்த சலூனின் கண்ணாடி செவ்வாய்க்கிழமைகளில் வேலைக்கு வருவதில்லை என்பதை முதன்முதலில் கண்டவர் ஜவுளிக்கடை சூப்பர்வைசர் திரவியம். தீபாவளி முடிந்த அடுத்த வாரம், வியாபார அலுப்பெல்லாம் முகத்தில் தாடியாக வளர்ந்திருக்க, காலை எட்டு மணிக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, துண்டு கட்டுவதற்கு நாடியைத் தூக்கிக் கொடுத்தவர், எதிரே கண்ணாடியில் தன் முகத்தைத் தேடினார். முகம் இல்லை. அங்கே ஒரு ஆற்றங்கரைப் படித்துறை இருந்தது. படித்துறையில் திரவியம் இருந்தார். வேட்டியை முழங்காலுக்கு மேலே வழித்துக்கொண்டு, இருபத்தோரு வருசமாகச் சேலைக் கவுண்டர் முன்னால் நின்று நின்று நரம்பு சுருண்டுபோன கால்கள் இரண்டையும் தண்ணீரில் விட்டு, மீன்குஞ்சுகள் வந்து கடிக்கக் கடிக்கக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

"நாயகம்," என்றார் திரவியம், தலையை அசைக்காமல். "நான் அங்கன உக்காந்திருக்கேன்."

கோமதிநாயகம் எட்டிப் பார்த்தார். "ஆமா அண்ணாச்சி. மீசைய ஒதுக்கவா, அப்படியே விடவா?"

"அப்படியே விடு. அங்க இருக்கவனுக்கும் மீச இருக்கு."

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சலூன்களுக்குச் செவ்வாய்க்கிழமை லீவு. அன்றைக்கு முடி வெட்டினால் ஆகாது என்று சனங்கள் நினைத்ததால் கடைகளை அடைத்தார்களா, கடைகளை அடைத்ததால் அன்றைக்கு வெட்டினால் ஆகாது என்று சனங்கள் நினைக்க ஆரம்பித்தார்களா என்பது யாருக்கும் தெரியாது, யாரும் கேட்டதுமில்லை. கோமதிநாயகத்தின் அப்பா கடை திறந்த அன்று சுவரில் ஏறிய அந்தக் கண்ணாடி, தேக்குச் சட்டம் போட்டது, முக்கால் ஆள் உயரம், நாற்பத்தாறு வருசமாக வாரத்தில் ஆறு நாள் ஊரின் முகங்களையெல்லாம் கோணாமல் காட்டிவிட்டு, ஏழாம் நாள் இரும்புக் கதவுக்குப் பின்னால் இருட்டில் சும்மா இருந்து பழகியது. அப்படியிருக்க, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஏசி போட்ட புதுக் கடை ஒன்று வந்து, வாரத்தில் ஏழு நாளும் உண்டு என்று பல்பு எரியும் போர்டு வைத்ததும் கோமதிநாயகத்துக்குப் பயம் வந்தது. சங்கத்தின் கட்டுப்பாட்டை மீறி அவரும் செவ்வாய்க்கிழமை கடையைத் திறந்தார். அவர் வந்தார், நாற்காலி வந்தது, கத்திரி வந்தது, படிகாரக்கல் வந்தது, கண்ணாடி வரவில்லை. ஏசிக் கடைக்காரனுக்குப் பயந்து பழக்கத்தை மாற்றிக்கொள்ள அதற்கு என்ன தலையெழுத்து? அது தன் பாட்டுக்கு லீவில் இருந்தது. எதிரே யார் உட்கார்ந்தாலும் அவரையும் லீவில் வைத்துக் காட்டியது. அன்றைக்கு அவர் வேலைக்குப் போகாமல் இருந்திருந்தால் எங்கே இருந்திருப்பாரோ, யாரோடு இருந்திருப்பாரோ, அங்கே. மறுநாள் புதன்கிழமை காலையில் வழக்கம்போல வேலைக்கு வந்து, மூக்கை மூக்காகவும் நரையை நரையாகவும் காட்டியது.

விசயம் பரவ இரண்டு செவ்வாய்கள் போதுமானதாக இருந்தது. அரசு பஸ் டிரைவர் செல்லச்சாமி வந்து உட்கார்ந்தார். கண்ணாடியில் அவர் ஒரு பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் இருந்தார், வேறு யாரோ ஓட்டினார்கள், அவர் பனைமரங்களையும் ஆட்டுக் கிடைகளையும் வாயைப் பிளந்து வேடிக்கை பார்த்துக்கொண்டே போனார். டியூசன் வாத்தியார் ஒருவர் உட்கார்ந்தார். கண்ணாடியில் அவர் கட்டிலில் குப்புறப் படுத்திருந்தார், கால் மணி நேரம் முழுக்கப் படுத்தேதான் இருந்தார், ஒருமுறைகூடப் புரளவில்லை, அதைப் பார்த்து அவர் கண் கலங்கினார். மருந்துக்கடைக்காரர் ஒருவர் தன் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில் ஓடும் அணிலைத் தானே பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். அந்தச் சுவரில் அணில் ஓடும் என்பதே அவருக்குச் சலூன் நாற்காலியில் உட்கார்ந்துதான் தெரிய வந்தது.

சும்மா வந்து கண்ணாடியை மட்டும் பார்த்துவிட்டுப் போவது மரியாதை இல்லை என்று ஊரார் நினைத்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் முடி வெட்டிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் சவரமாவது செய்துகொள்ள வேண்டும். வாராவாரம் வெட்ட வெட்ட, கார்த்திகை பாதி போவதற்குள் நல்லிக்கோட்டை ஆண்களின் தலைகள் எல்லாம் போலீஸ் வேலைக்குத் தேர்வானவர்களின் தலைகள் மாதிரி ஆகிவிட்டன. வெளியூர்க்காரர்கள் பஸ்ஸில் இருந்து பார்த்து, இங்கே ஏதோ முகாம் நடக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். வழுக்கைத் தலைக்காரர்கள் நாடியை மட்டும் நீட்டினார்கள். வெட்ட ஒன்றும் இல்லாதபோதும் கோமதிநாயகம் காற்றில் கத்திரியை ஓட்டினார். அந்தச் சத்தம் இருந்தால்தான் உட்கார்ந்திருப்பவருக்குக் குற்றமாகத் தோன்றாது.

முடிதிருத்துவோர் சங்கச் செயலாளர் மாரிக்கண்ணு, செவ்வாய்க்கிழமை கடை திறந்த குற்றத்துக்காகச் சண்டை போடக் கரைவேட்டி கட்டி வந்தார். "சங்கம்னு ஒண்ணு இருக்கா இல்லையா வே?" என்று வாசலிலேயே ஆரம்பித்தார். பேசிய களைப்பில் நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியில் அவர் ஒரு வேப்பமரத்தடியில் கேரம் ஆடிக்கொண்டிருந்தார், சிவப்புக் காய் குழிக்குப் பக்கத்தில் நின்றது. செயலாளர் பேச்சை நிறுத்தினார். அவர் செவ்வாய்தோறும் சங்க வேலையாக அலைந்தே முப்பது வருசம் கழித்திருந்தார். அடுத்த வாரத்தில் இருந்து அவருக்கும் ஒரு டோக்கன் போயிற்று.

டோக்கன் என்றால் பழைய கேலண்டர் அட்டையை வெட்டி எண் போட்டது. காலை ஆறு மணிக்குக் கொடுக்க ஆரம்பித்தால் ஏழுக்குள் தீர்ந்துவிடும். யாரும் தங்கள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வரவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். டிரைவர் இரண்டு டிரிப்புக்கு நடுவில் வந்தார், சூப்பர்வைசர் கடை திறக்கும் முன் வந்தார், வாத்தியார் டியூசன் பிள்ளைகளுக்குக் கணக்குப் போடச் சொல்லிவிட்டு வந்தார். பத்து நிமிசம், கால் மணி நேரம், தன் லீவைத் தான் பார்த்துவிட்டுத் திரும்ப ஓடிப்போய் வேலையில் நின்றார்கள். தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி ஒருவர் கார் அனுப்பி, "ஆளுக்குப் பத்து நிமிசம் காட்டிட்டா ஞாயித்துக்கிழம லீவையே எடுத்துரலாம் போலிருக்கே, கண்ணாடிய நம்ம ஆபீசுக்கே கொண்டாந்து மாட்டிருவோமா?" என்று கேட்டனுப்பினார். சுவரோடு சேர்த்துப் பூசியது, கழற்றினால் உடைந்துவிடும் என்று கோமதிநாயகம் சொல்லியனுப்பினார்.

கண்ணாடி முன்னால் இருக்கும்வரை எல்லார் முகமும் தெளிந்திருந்தது. கடையை விட்டு இறங்கிப் பத்தடி நடப்பதற்குள், வந்தபோது இருந்ததைவிட அதிகமாக அலுத்துப்போனார்கள். மிட்டாய்க்கடை வாசலில் நின்று வாசம் பிடித்துவிட்டு வீடு திரும்புகிறவன் மாதிரி. திரவியத்தின் கால்வீக்கம் வற்றவில்லை, டிரைவரின் கண் சிவப்பு போகவில்லை. அதனால் அடுத்த செவ்வாய்க்கு இன்னும் சீக்கிரம் வந்தார்கள்.

கோமதிநாயகத்துக்கு இதில் சந்தோசமா வருத்தமா என்று கேட்டால், அவருக்கு நினைக்க நேரமில்லை. ஆறு நாள் வேலை செய்தவர் இப்போது ஏழு நாளும் நின்றார், அதிலும் ஏழாம் நாள்தான் அதிகம் நின்றார். ஒரே மகளை ராஜபாளையத்தில் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் இருந்தது அவர் மனைவி ஆவுடைத்தங்கம் மட்டும். இருட்டு விலகும்போது வெளியே போய், இருட்டியபின் வந்து, தட்டில் இருப்பதைத் தின்றுவிட்டுச் சாய்கிறவருக்கு மனைவியிடம் பேசுவதற்கென்று நாலு வார்த்தைகள் இருந்தன. 'தண்ணி', 'சரி', 'நாளைக்கு', 'பாப்போம்'. இந்த நாலு வார்த்தைகளை வைத்துக்கொண்டே அவர் இரண்டு வருசத்தை ஓட்டியிருந்தார். முன்பாவது செவ்வாய்க்கிழமை என்று ஒன்று இருந்தது. அன்றைக்கு ஒன்றும் பெரிதாக நடக்காது, ரெண்டு பேரும் முருங்கைக்கீரை ஆய்வார்கள், அவர் எதையாவது சொல்வார், அவள் எதையாவது சொல்வாள். இப்போது அதுவும் கிடையாது.

ஊரே பேசுவதைக் கேட்டபின் ஆவுடைத்தங்கம் ஒரு செவ்வாய் மதியம் சாப்பாட்டுத் தூக்குச்சட்டியோடு கடைக்கு வந்தாள். ஆம்பளைகள் முடிவெட்டும் கடைக்குள் நல்லிக்கோட்டையில் அதுவரை எந்தப் பொம்பளையும் கால் வைத்ததில்லை. பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து வெளியே போய் ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டார்கள். அவள் தூக்குச்சட்டியை ஸ்டூலில் வைத்தாள், நாற்காலியைப் பார்த்தாள், புருசனைப் பார்த்தாள், சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

கண்ணாடியில் ஊருக்கு மேற்கே இருக்கும் பெரிய கண்மாய் வந்தது. மழைக்கு நிறைந்து தண்ணீர் கரையைத் தொட்டுக் கிடந்தது. மடைக் கல்லில் ஆவுடைத்தங்கம் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் கோமதிநாயகம் உட்கார்ந்திருந்தார், நடுவில் அவித்த பனங்கிழங்கு ஒரு தாளில் இருந்தது. அவர் கிழங்கை உரித்து நாரெடுத்து அவளிடம் கொடுத்துக்கொண்டே என்னவோ சொன்னார். அவள் தலையைப் பின்னால் சாய்த்து, வாயைக்கூடப் பொத்திக்கொள்ளாமல், தோள் குலுங்கச் சிரித்தாள்.

கண்ணாடியில் சத்தம் கிடையாது.

"என்ன சொல்லுதாரு?" என்று கேட்டாள் ஆவுடைத்தங்கம்.

"யாரு?"

"அவருதான். நீங்கதான். நான் இந்தச் சிரிப்புச் சிரிக்கேனே, என்னத்தச் சொல்லிட்டாரு அப்படி?"

கோமதிநாயகம் கத்திரியைப் பிடித்தபடி கண்ணாடியை உற்றுப் பார்த்தார். வாய் அசைவதைப் பார்த்தார். அது அவர் வாய்தான், ஆனால் அந்த வாயில் இருந்து என்ன வருகிறது என்று அவருக்குக் கொஞ்சமும் பிடிபடவில்லை. "எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"அதுஞ் சரிதான்," என்றாள் அவள். முழு அரை மணி நேரம் பார்த்துவிட்டு, காலித் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

அதன்பின் அவள் ஒவ்வொரு செவ்வாயும் வந்தாள். அவளுக்கு டோக்கன் தேவையில்லை, ஒரு மணி முதல் ஒன்றரை வரை அவள் நேரம் என்று ஊர் ஒத்துக்கொண்டு, அந்த நேரத்தில் ஆண்கள் எதிர்ச் சாரியில் டீக்கடையில் போய் நின்றார்கள். முதலில் வீட்டில் கட்டும் சேலையோடு வந்தவள், மூன்றாம் வாரம் மகள் கல்யாணத்துக்கு எடுத்த மாம்பழக் கலர் சேலையில் வந்தாள், நாலாம் வாரம் பிச்சிப்பூ வைத்து வந்தாள். கோமதிநாயகம் சோற்றைப் பிசைந்துகொண்டே ஓரக்கண்ணால் பார்த்தார்.

"எங்கயும் விசேசமா?"

"இல்லையே."

"பின்ன இந்தச் சேலை?"

"அவரு நல்ல சட்ட போட்டுக்கிட்டு வந்து உக்காந்திருக்காரு. நான் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கோட வந்து உக்காரணுமா?"

அவர் கண்ணாடியைப் பார்த்தார். உண்மைதான், அங்கே இருந்தவன் நீலக் கோடு போட்ட சட்டை போட்டிருந்தான், சலவை மடிப்பு தெரிந்தது. கண்ணுக்குக் கீழே கறுப்பு இல்லை. தோள் இரண்டும் ஒரே உயரத்தில் இருந்தன. அவள் பேசும்போது அவன் அவளைப் பார்த்தான், இதுதான் கோமதிநாயகத்தை என்னவோ செய்தது, அவள் பேசி முடிக்கும்வரை வேறு எங்கும் பார்க்காமல் பார்த்தான். வேறு ஒருத்தன் என்றால் கடையை விட்டு இறங்கிப் போய்ச் சட்டையைப் பிடித்திருக்கலாம். இவனை என்ன செய்வது? பொறாமை வந்தது. அதை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள் என்பதும் தெரிந்தது.

"சாப்பிட்டாச்சுல்லா, எந்திரி. ஆளுக நிக்காக," என்றார் ஒருநாள், வழக்கத்தைவிடக் கடுமையாக.

ஆவுடைத்தங்கம் கண்ணாடியில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. கோபமும் படவில்லை. "நீங்க உங்க வேலையப் பாருங்க," என்றாள். "நான் இங்க எம் புருசன்கூட இருக்கேன்."

அன்று மதியத்துக்கு மேல் அவர் இரண்டு பேருக்குக் கிருதாவை ஏற்றத்தாழ்வாக எடுத்துவிட்டார். கண்ணாடி வேலையில் இல்லாததால் அவர்களுக்கும் அது தெரியவில்லை.

அடுத்த செவ்வாய், டோக்கன் கொடுப்பதற்கும் முன்னால், கோமதிநாயகம் கடையை உள்பக்கம் சாத்திக்கொண்டு, தானே அந்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். இருபத்தெட்டு வருசமாக அந்த நாற்காலிக்குப் பின்னால் நின்றவர், அதில் உட்கார்ந்தது அதுதான் முதல்முறை. கண்மாய் வரும் என்று எதிர்பார்த்தார். தானும் தங்கமும் பனங்கிழங்கும் வருமென்று, அந்தப் பயலின் வாயைக் கிட்ட இருந்து பார்த்து என்ன சொல்லித் தொலைக்கிறான் என்று கண்டுபிடித்துவிடலாமென்று முன்னால் குனிந்தார். கண்ணாடியில் ஒரு சலூன் தெரிந்தது. நாற்காலி தெரிந்தது. நாற்காலியில் ஒரு ஐம்பத்திரண்டு வயதுக்காரர் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார், கண்ணுக்குக் கீழே கறுப்பாக. கோமதிநாயகம் கையைத் தூக்கினார், அவரும் தூக்கினார். அன்றைக்குச் செவ்வாய்தானா என்று கேலண்டரைத் திரும்பிப் பார்த்தார். செவ்வாய்தான். வேலை இல்லாமல் போனால் போவதற்கு ஓர் இடமோ இருப்பதற்கு ஓர் ஆளோ அவருக்குள் இருந்தால்தானே கண்ணாடி காட்டும்? அதற்குத் தெரிந்த அளவில் அவருடைய லீவு அந்தக் கடைதான். அவளுடைய லீவில் அவர் இருந்தார், அவருடைய லீவில் யாரும் இல்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. எழுந்து கதவைத் திறந்து டோக்கன் கொடுத்தார், அன்றைக்கு நாற்பத்தொரு தலை வெட்டினார்.

மதியம் ஆவுடைத்தங்கம் வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பின்னால் திரும்பி, அவர் சாப்பிடுவதைப் பார்த்து, சாதாரணமாகச் சொன்னாள்.

"இன்னைக்கு அவரு வரல."

கோமதிநாயகம் கையில் எடுத்த உருண்டையைத் தட்டில் வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். கண்மாய் இருந்தது, மடைக் கல் இருந்தது, தண்ணீர் இருந்தது. ஆவுடைத்தங்கம் தனியாக உட்கார்ந்து கிழங்கை உரித்துத் தின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் இடம் காலியாகக்கூட இல்லை, அவள் கொஞ்சம் நடுவாகவே நகர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் அழவில்லை, யாரையும் எதிர்பார்த்து ரோட்டைப் பார்க்கவில்லை. ஒரு கொக்கு எழுந்து பறந்ததும் அவளாகவே சிரித்தாள்.

"ஏதாவது சோலியா இருக்கும். அடுத்த வாரம் வருவான்," என்றார் கோமதிநாயகம். அவர் குரல் அவருக்கே வேறு ஆள் பேசுவது போல இருந்தது.

அடுத்த வாரம் அவள் வந்து உட்கார்ந்தபோதும் கண்ணாடியில் அவன் வரவில்லை. அதற்கு அடுத்த வாரம், பொங்கலுக்கு முந்திய செவ்வாய், கடையில் தூக்குச்சட்டி மட்டும் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் தன் டோக்கன் முறைக்கு வரும்போது கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "மதினி வரலயாம், உங்ககிட்டச் சொல்லச் சொன்னாவ," என்றார். ஒரு மணி முதல் ஒன்றரை வரை நாற்காலி காலியாக இருந்தது. வழக்கம் தெரிந்த ஆண்கள் எதிர்ச் சாரியிலேயே நின்றார்கள், யாரும் உள்ளே வரவில்லை. கோமதிநாயகத்துக்கு அன்று சோறு இறங்கவில்லை. பயமாக இருந்தது. ஏசிக் கடை போர்டைப் பார்த்தபோது வந்தது பயமே இல்லை என்று இப்போது தெரிந்தது. வீட்டில் எல்லாம் முறையாக நடந்தது, தட்டு வந்தது, தண்ணீர் வந்தது, அவள் சண்டை போடவில்லை, முகம் கோணவில்லை. சண்டை போட்டிருந்தால் தேவலை என்று அவர் நினைத்தார். அவளுடைய லீவில் அவர் இல்லை. அவரை அதில் இருந்து அவள் யோசித்துத்தான் எடுத்தாளா, தானாக நடந்ததா என்பதுகூட அவருக்குத் தெரியாது, கேட்கவும் அந்த நாலு வார்த்தைகள் போதாது.

பொங்கல் முடிந்த செவ்வாய்க்கிழமை காலை அவர் கடைக்குப் போனார். வாசலில் அறுபது பேர் நின்றார்கள். அவர் டோக்கன் அட்டைகளை எடுக்கவில்லை. பூட்டைத் தொட்டுப் பார்த்தார், நன்றாக இழுத்துப் பார்த்தார், திரும்பி அவர்களைப் பார்த்து, "இன்னைக்குக் கடை லீவு," என்றார். அதற்குமேல் என்ன சொல்வது என்று தெரியாததால், "இனிமே செவ்வாக்கிழம லீவுதான்," என்று சேர்த்தார்.

அப்புறம் ஊர் என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். அன்று பெரிய சத்தம் எழுந்தது. சங்கச் செயலாளர் மாரிக்கண்ணுவே செவ்வாய்க்கிழமை கடையை அடைப்பது தொழில் தர்மம் இல்லை என்று பேசினார். அடுத்த இரண்டு செவ்வாய்களும் கூட்டம் வந்தது. கதவு இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தவர்களுக்கு இருட்டு மட்டும் தெரிந்தது. மூன்றாம் வாரம் திரவியம் தன் முதலாளியிடம் போய் ஒரு நாள் லீவு கேட்டார். இருபத்தோரு வருசத்தில் முதல்முறை என்பதால் முதலாளிக்குச் சந்தேகம் வந்து எதற்கென்று கேட்டார். "கால நனைக்கணும்," என்றார் திரவியம். போய்விட்டு வந்து, "மீனு ஒண்ணும் கடிக்கல, சோப்புத் தண்ணிதான் மிதக்கு, ஆனா வீக்கம் வத்திட்டு," என்று எல்லாரிடமும் காலைத் தூக்கிக் காட்டினார். அதைக் கேட்டு டிரைவர் செல்லச்சாமி லீவு எழுதிக்கொடுத்துவிட்டுப் பக்கத்து ஊர் வரை டிக்கெட் எடுத்து ஜன்னலோரம் உட்கார்ந்து போனார், ஓட்டியவனைப் பத்து இடத்தில் குறை சொல்லிக்கொண்டே போனார், இருந்தாலும் போனார். வாத்தியார் குப்புறப் படுத்தார். மாசி மாதத்தில் ஊரார் தலைகளில் முடி வளர்ந்துவிட்டது. கண்ணாடி மூடிய கடைக்குள் தன் லீவைத் தனியாகக் கழித்தது, அதன் லீவில் அது என்ன பார்த்தது என்பது அதன் சமாச்சாரம்.

இதெல்லாம் பின்னால் நடந்தவை. கடையை அடைத்த அந்த முதல் செவ்வாய், கோமதிநாயகம் காலை ஒன்பது மணிக்குத் தன் தெருவுக்குள் நடந்து வந்தார். அந்த நேரத்தில் தெரு எப்படி இருக்கும் என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது. வெயில் எந்தப் பக்கம் விழும், யார் வீட்டு வாசலில் கோலம் காயாமல் இருக்கும், எந்த நாய் யாருடையது, எதுவும் தெரியவில்லை. தெரிந்தவர்கள் அவரைப் பார்த்து, யாருக்காவது உடம்புக்கு முடியவில்லையா என்று விசாரித்தார்கள். இல்லை என்று சொல்லச் சொல்ல அவருக்கே சந்தேகமாக இருந்தது.

ஆவுடைத்தங்கம் வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்தாள். மாம்பழக் கலர் சேலை இல்லை, சாதாரண நூல் சேலை. கையில் ஒரு துணிப்பையில் தாள் சுற்றிய பொட்டலம் தெரிந்தது, பனங்கிழங்கு வாசம் அடித்தது. அவரைப் பார்த்ததும் அவள் கை பூட்டிலேயே நின்றது.

"என்ன, கடை?"

"லீவு."

"உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கேன்."

அவள் பூட்டிச் சாவியை உருவினாள். "உங்களுக்குச் சோறு வடிச்சு மூடி வச்சிருக்கேன்," என்றாள். "குழம்பு அடுப்படியில இருக்கு. சுட வச்சுக்கிடுங்க. சாவி இந்தா."

அவர் சாவியை வாங்கினார். கதவைத் திறக்கவில்லை. "நீ எங்க?"

"கண்மாய்க்கு."

"யாரு கூட?"

"யாரு கூடயும் இல்ல. நானாத்தான். மூணு வாரமாப் போறேன். கண்ணாடியில பாத்தது போதும்னு தோணிச்சு, போனேன். நல்லாத்தான் இருக்கு."

மூன்று வாரம் என்றால் அவர் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்த அந்த மதியமும் அதில் சேர்த்தி. அதற்கும் முந்திய வாரம் கடைக்கு வந்தவள், வருவதற்கு முன்னாலேயே கண்மாய்க்குப் போய்விட்டுத்தான் வந்திருக்கிறாள். கோமதிநாயகம் கணக்குப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டார். சாவியைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடிக்காரன் இந்த இடத்தில் என்ன சொல்வான் என்று யோசித்தார். சிரிக்க வைக்கும்படி ஏதாவது சொல்வான். அவருக்கு ஒன்றும் வரவில்லை. கல்யாணம் ஆன புதிதில் மாமனார் வீட்டு வாசலில் நின்றபோதுகூட அவர் இப்படி வார்த்தை தேடியதில்லை.

அவள் படியிறங்கி நாலு எட்டு வைத்திருந்தாள்.

"தங்கம்," என்றார்.

அவள் திரும்பினாள்.

"நானும் வரட்டா?"

ஆவுடைத்தங்கம் ஒரு ஆளுக்குத் துண்டு கட்டி, தண்ணீர் தெளித்து, சீப்பை எடுக்கும் நேரம் நின்றாள். ஒரு தடவை அவரைப் பார்த்தாள், ஒரு தடவை பையில் இருந்த பொட்டலத்தைப் பார்த்தாள், அது ஒரு ஆளுக்கு அளவாக எடுத்தது. தெருவில் ஒரு சைக்கிள் போனது. கோமதிநாயகம் பள்ளிக்கூட வாசலில் பிந்தி வந்து நிற்கும் பிள்ளை மாதிரி, உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் படியில் நின்றார்.

"கரையெல்லாம் கருவேல முள்ளு," என்றாள் அவள். "செருப்பப் போட்டுக்கிட்டு வாங்க."